லாயிட் வெட்டி எடுத்த நிமிடங்கள்

லாயிட் ஞானசேகரன் அமெரிக்காவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் மொன்டானா மாநிலத்து மலைச்சரிவில் இருக்கும் ஒரு மர வீட்டில், சமையலறை அலமாரியின் எந்தக் கதவு சரியாக மூடாது என்று அவனுக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரர் ராய் கெட்லர் இருமுவதற்கு முன் எப்படி மூச்சை இழுப்பார் என்றும் தெரியும். ஐந்து வருடங்களாக அந்த இருமல்களை ஒன்றுவிடாமல் வெட்டி எடுத்தவன் அவன்தான், பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஒரு இரண்டாவது மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு.

ராய் முப்பது வருடம் மின்கம்பம் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாரம் ஒருமுறை இணையத்தில் 'ஏழாவது வாரம்' என்று ஒரு வீடியோ நிகழ்ச்சி நடத்தினார். பெரும் புயலோ போரோ வந்து கரெண்டும் தண்ணீரும் கடையும் நின்றுபோனால், ஆறு வாரம் எவனும் எப்படியோ தள்ளிவிடுவான், ஏழாவது வாரத்துக்குத் தயாராக இருக்கிறவன்தான் பிழைப்பான் என்பது அவர் கட்சி. நாட்டை நேசி, வாஷிங்டனை நம்பாதே. உன் கிணறு, உன் விதை, உன் துப்பாக்கி மூன்றையும் நீயே காப்பாற்று. முதுகுக்குப் பின்னால் தேசியக் கொடி தொங்க அவர் இதைச் சொல்லும்போது, விவசாயிகளும் பழைய ராணுவத்தாரும் லாரி ஓட்டுநர்களுமாக எண்பதாயிரம் பேர் கேட்டார்கள்.

லாயிட் லிங்கராஜபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். அப்பா டெலிபோன் ஃபேக்டரியில் இருந்தார். லாயிட் உள்ளூர் கேபிள் சேனலில் எடிட்டிங் கற்றுக்கொண்டு, பிறகு ஒரு கம்பெனியில் ஊழியர்களுக்கான பயிற்சி வீடியோக்களைச் செய்துகொண்டிருந்தான். 2019இல் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். வேலை தேடி இணையத்தில் பெயர் பதிந்து வைத்திருந்தபோது ராய் வந்தார். முதல் மாதம் லாயிட்டுக்குச் சிரிப்பாக இருந்தது. இரண்டாவது மாதத்தில் மூழ்கிவிட்டான். அமெரிக்க அரசியல் சாசனத்தின் திருத்தங்கள் அவனுக்கு நம்பர் வாரியாக மனப்பாடம். காற்றை வெளியேற்றி அடைத்த டின்னில் கோதுமை எத்தனை வருடம் கெடாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். தன் வீட்டில் கரெண்ட் போனால் மெழுகுவத்தி எந்த அலமாரியில் இருக்கிறது என்று மட்டும் தெரியாது. அது அவன் மனைவி பிரிஸில்லாவுக்குத் தெரியும்.

ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் பெயர்கள் ஓடும். ராய், அவர் மனைவி மார்லீன், விதை கொடுக்கும் கடைக்காரர், முகப்பு இசைக்கு பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசித்த பக்கத்து வீட்டுக்காரர். எடிட்டிங் என்ற இடத்தில் 'மலைமுகட்டுக் குழு' என்று வரும். அந்தக் குழுவில் லாயிட் ஒருவன்தான் இருந்தான். இரண்டாவது வருடம், தன் பெயரைப் போட முடியுமா என்று தயங்கித் தயங்கி ராயிடம் கேட்டான். ராய் தாடியைத் தடவினார்.

"என் ஆட்களுக்குப் புரியாது லாயிட். இந்த மேஜையின் ஆணிகூட அமெரிக்காவில் செய்தது என்று வாராவாரம் சொல்கிறேன். நிகழ்ச்சியையே இந்தியாவில் செய்கிறோம் என்றால் எப்படி?"

"லாயிட் என்று மட்டும் போடலாமே. அது உங்கள் ஊர்ப் பெயர்தானே."

"எந்த லாயிட் என்று யாராவது கேட்பார்கள். நான் என் ஆட்களிடம் பொய் சொல்ல மாட்டேன்."

பொய் சொல்ல மாட்டார், சொல்லாமல் விடுவார். லாயிட் ஒத்துக்கொண்டான். தன் பெயர் வராது என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு வாரமும் அந்தப் பெயர் வரிசையை மற்ற எதையும்விட நேர்த்தியாக ஓடவிட்டான்.

2024 பிப்ரவரியில் அவர்கள் கட்டடத்தின் போர்வெல் வற்றியது. காவேரித் தண்ணீர் வருகிற நாளில் முக்கால் மணி நேரம் வந்தது. மீதிக்கு டேங்கர். பிரிஸில்லா நீல டிரம்கள் ஆறு வாங்கி, சமையலறை வாசலிலிருந்து ஹால் வரை வரிசையாக வைத்தாள். அவள் பக்கத்து சர்ச் ஸ்கூலில் மூன்றாம் வகுப்பு டீச்சர். டிரம்களையும் வகுப்புப் பிள்ளைகளைப் போலவே நடத்தினாள். ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸில் நம்பரும் தேதியும் எழுதி, ஒன்றின் மக் இன்னொன்றுக்குள் போகக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தாள்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை. மொன்டானாவில் வெள்ளி சாயங்காலம். லாயிட் ராயுடன் வீடியோ காலில் அந்த வார நிகழ்ச்சியைப் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பிரிஸில்லா ஜன்னலில் தலையை நீட்டி, "ஸ்வல்ப நில்லப்பா, பந்தே", கொஞ்சம் நில், வந்துவிட்டேன் என்று டேங்கர்க்காரனிடம் கன்னடத்தில் கத்திவிட்டு, குழாயை இழுத்து டிரம்முக்குள் விட்டாள். ராய் பேச்சை நிறுத்தினார்.

"அந்த அம்மா என்ன செய்கிறார்?"

"என் மனைவி. தண்ணீர் பிடிக்கிறாள். சத்தத்துக்கு மன்னிக்கவும்."

"அவரைக் கொஞ்சம் கூப்பிடு."

பிரிஸில்லா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் ஆங்கிலம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று பழகிய ஆங்கிலம். யாரிடமும் அப்படித்தான் பேசுவாள், நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் வைத்து வைத்து. முதல் டிரம் குடிக்கவும் சமைக்கவும். ஐந்து நாளுக்கு மேல் ஆன தண்ணீர் குளிக்கிற டிரம்முக்கு இறங்கும். அரிசி கழுவியது செடிக்கு, துணி துவைத்தது கக்கூசுக்கு. ராய் பென்சில் எடுத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள்?"

"பயிற்சியா? டேங்கர் வாரத்துக்கு ரெண்டு தடவைதான் வரும் சார்."

ராய் சிரித்தார். இருமல் வரும் வரை சிரித்தார். மார்லீனைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். லாயிட் ஐந்து வருடத்தில் அவரை ஒருமுறைகூடச் சிரிக்க வைத்ததில்லை. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.  அவர்கள் பேசி முடிப்பதற்குள் எழுந்து போய், பசிக்காமலே தோசை சாப்பிட்டான்.

அடுத்த வாரமே ராய் ஒரு பகுதி கேட்டார். பத்து நிமிடம், பிரிஸில்லாவின் தண்ணீர். லாயிட் லைட் வைத்தான், கேமரா வைத்தான், ராயை ஒரு திரையில் கொண்டுவந்தான். அவள் நீலப் புடவை கட்டி டிரம்களுக்கு நடுவில் நின்று பேசினாள். நடுவில் இயல்பாக, "என் கணவர் லாயிட்தான் உங்கள் நிகழ்ச்சியை எடிட் செய்கிறார், அவருக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும்" என்றாள். ராய் புன்னகைத்தார். பதிவு முடிந்ததும் ராயிடமிருந்து செய்தி வந்தது. அந்த வாக்கியம் வேண்டாம். 'இந்தியாவிலிருந்து நம் சகோதரி' என்று மட்டும் இருந்தால் போதும்.

எட்டு நொடி. லாயிட் தன் பெயரைத் தானே வெட்டி எடுத்தான். வெட்டிய இடம் தெரியாமல் ஒட்டினான். அவன் வேலையில் அவ்வளவு சுத்தம்.

அந்த நிகழ்ச்சியை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். 'நாம் பாதாள அறையில் அடுக்கி வைத்துக்கொண்டு பேசுகிறோம், இந்தப் பெண்மணி வாழ்கிறார்' என்று டெக்சாஸ்காரர் ஒருவர் எழுதினார். பிரிஸில்லாவிடம் கேளுங்கள், பிரிஸில்லாவிடம் கேளுங்கள் என்று கீழே வரிசையாகக் கேள்விகள். அரிசியில் வண்டு வராமல் எப்படி? ஒரே அடுப்பில் மூன்று பதார்த்தம் எப்படி? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவள் பகுதி வரத் தொடங்கியது. ஒஹாயோவிலிருந்து கணவனை இழந்த ஒரு அம்மாள், கையால் சுற்றினால் பாடுகிற ரேடியோ ஒன்றை மார்லீன் மூலமாக அனுப்பியிருந்தாள். பார்சல் மேலே பெரிய எழுத்தில் பிரிஸில்லா என்று இருந்தது. லாயிட் வீட்டு விலாசம் ஐந்து வருடமாக மார்லீனிடம் இருந்தது. கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு கார்டு வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, பாடகர் குழுவில் பாடும் டெஸ்மண்ட் அவனைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன பிரதர், அமெரிக்கால உங்க வீட்டம்மா ஃபேமஸாமே. எங்க அண்ணன் டல்லஸ்ல இருந்து லிங்க் அனுப்புறான்."

"ஆமா, சும்மா ஏதோ."

"நீங்கதான் கேமரா புடிக்கிறீங்களா?"

அந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் லாயிட் பைக்கை ஸ்டார்ட் செய்து பாதி வழி வந்த பிறகுதான் பிரிஸில்லா பின்னால் இல்லை என்பதைக் கவனித்தான். திரும்பிப் போய் ஏற்றிக்கொண்டான். 

அதற்குப் பிறகுதான் அவன் வெட்ட ஆரம்பித்தான்.

அவள் நாற்பது நிமிடம் பேசுவாள், பத்து நிமிடம் வேண்டும். வெட்டுவது அவன் வேலை, யாரும் குற்றம் சொல்ல முடியாது. எதை வெட்டுகிறோம் என்பது அவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவள் சொல் கிடைக்காமல் தடுமாறிய இடங்களை வைத்துக்கொண்டான். டப்பாவின் மூடியைத் தேடி அங்குமிங்கும் பார்த்த இடத்தை முழுதாக விட்டான். ராய் சிரித்த இடங்களில் சத்தத்தைக் குறைத்தான். முகப்புப் படத்துக்கு, கண்கள் பாதி மூடிய ஒரு ஃபிரேமைத் தேடி எடுத்தான். ஒவ்வொன்றும் சின்னது. ஒவ்வொன்றைச் செய்ததும் ஒரு நிமிடம் நெஞ்சு குளிர்ந்தது. அப்புறம் மறுபடி எரிந்தது.

மே மாதப் பதிவு ஒன்றில் ராய் தன் முக்கியமான கொள்கையைச் சொன்னார். கையில் என்ன இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது; ஏழாவது வாரத்தில் அவர்கள்தான் கதவைத் தட்டுவார்கள். பிரிஸில்லா யோசித்தாள். கீழ் வீட்டில் சேஷகிரி என்று வயதானவர், அவர் மனைவிக்கு டயாலிசிஸ் நடக்கிறது, டேங்கர் வராத அன்றைக்குத் தன் முதல் டிரம்மிலிருந்து இரண்டு குடம் அங்கே போகும் என்றாள்.

"அப்படியென்றால் உங்களிடம் இருப்பது அவர்களுக்குத் தெரியும்."

"தெரியாம எப்படி சார்? குடத்தைத் தூக்கிட்டு நான்தான படியில இறங்கறேன்."

ராய் ஒன்றும் சொல்லவில்லை. கேமராவைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாயிட் எண்ணினான். பதினொரு நொடி. அந்த மனிதர் ஐந்து வருடத்தில் மூன்று நொடிக்கு மேல் மௌனமாக இருந்ததில்லை. இந்த நிகழ்ச்சியில் இதுவரை வந்ததிலேயே நல்ல இடம் இதுதான் என்று லாயிட்டுக்கு உடனே தெரிந்தது. அதை வெட்டினான். கேள்வியையும் பதிலையும் மௌனத்தையும் சேர்த்து எடுத்து, மற்ற மிச்சங்களோடு ஒரு ஃபோல்டரில் போட்டான். எடிட்டர் எதையும் அழிப்பதில்லை.

ஜூன் தொடக்கத்தில் ராய் கேட்டார். "பிரிஸில்லாவின் பகுதி சுருங்கிக்கொண்டே வருகிறது என்று எழுதுகிறார்கள். என்ன விஷயம்?"

"அவளுக்கு இப்போதெல்லாம் பேச அதிகம் இல்லை" என்றான் லாயிட்.

ராய் நல்ல மனிதர். நேராக பிரிஸில்லாவுக்கே ஒரு செய்தி அனுப்பினார். களைப்பாக இருக்கும் என்று புரிகிறது, பேச ஒன்றும் இல்லை என்று லாயிட் சொன்னார், வற்புறுத்த மாட்டோம், வேண்டுமானால் இடைவெளி எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கூல் விட்டுப் பிள்ளைகள் போன பிறகு காலி வகுப்பறையில் அவள் அதைப் படித்தாள். அதுவரை அவள் தன் பகுதிகளைப் பார்த்ததே இல்லை. தன் முகத்தைத் திரையில் பார்க்கக் கூச்சம், நேரமும் இல்லை. அன்று மூன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்து, ஃபோனில் ஐந்து நிகழ்ச்சிகளையும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தபோது லாயிட் ஹெட்ஃபோன் மாட்டி வேலையில் இருந்தான். அவள் அதைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"சேஷகிரி சார் வீட்டுக்குத் தண்ணி குடுத்ததச் சொன்னேனே, அது எங்க?"

"லென்த் ஜாஸ்தி ஆயிடுச்சு பிரிஸி."

"நான் மூடியத் தேடினது மட்டும் முழுசா இருக்கு."

அவன் திரையைப் பார்த்தான்.

"எனக்குப் பேச ஒண்ணும் இல்லன்னு ராய் சார்ட்ட சொன்னீங்களா?"

"ஏதோ ஒரு பேச்சுக்கு..."

"லாயிட்." கோபம் வந்தால் மட்டும்தான் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். "நான் என்ன பண்ணேன் உங்களுக்கு?"

"நீ ஒண்ணும் பண்ணல. அதான் எரியுது." அவன் குரல் உடைந்து சத்தமாக வந்தது. "அஞ்சு வருஷமா அந்தாளு இருமறது, மூக்க உறிஞ்சறது எல்லாத்தையும் நான் தொடச்சு விடறேன். என் பேரச் சொல்ல அவனுக்கு வாய் வரல. நீ டிரம்ல தண்ணி புடிச்ச. ஒரு நாள். ஊரே உன் பேரச் சொல்லுது. உன் புருஷன்னு சொல்லக்கூட எனக்கு அங்க இடம் இல்ல. வயித்தெரிச்சல் எனக்கு. போதுமா?"

பிரிஸில்லா அழவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தாள், முகம் கழுவினாள், அரிசி களைந்து ஊற வைத்தாள். அரை மணி கழித்து வந்து நின்றாள்.

"வெட்டினதெல்லாம் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இல்ல. இருக்கு."

"காட்டுங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், அவன் பின்னால் நின்றான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. ராய் மௌனமான இடம் வந்ததும் அவளே நிறுத்தி, பின்னால் தள்ளி, இன்னொரு தடவை பார்த்தாள்.

"இது நல்லாருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சேவா வெட்டினீங்க?"

"தெரிஞ்சதாலதான்."

 மறுநாள் அவள் வழக்கம்போல அவனுக்கு மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஸ்கூலுக்குப் போனாள். அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

ஜூலை நான்காம் தேதி அமெரிக்க சுதந்திர தினம். அதையொட்டி வரும் சனிக்கிழமை ராய் வருடா வருடம் காலையிலிருந்து இரவு வரை நேரலையாக நிகழ்ச்சி நடத்துவார். கொடி ஏற்றுவதில் ஆரம்பித்து, ஜெனரேட்டர் பழுது பார்ப்பது, மான் இறைச்சி உலர்த்துவது என்று போகும். மொத்தத்தையும் லிங்கராஜபுரத்திலிருந்து லாயிட் இயக்குவான். எந்தக் கேமரா எப்போது, எந்தப் படம் எப்போது என்பதெல்லாம் அவன் விரலில். அந்த வருடம் பிரிஸில்லாவின் பகுதி மொன்டானாவில் காலை ஏழு மணிக்கு, இங்கே சாயங்காலம் ஆறரைக்கு.

அன்று நல்ல மழை. பிரிஸில்லா அரிசி டப்பாவில் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போடுவதைக் காட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் தெருவே இருண்டது. யூபிஎஸ்ஸில் ஒரு பல்பு மட்டும் எரிந்தது. லாயிட் முன்கூட்டியே கம்ப்யூட்டருக்கும் இணைப்புக்கும் தனித்தனி பேட்டரி வைத்திருந்ததால் படம் ஒரு துளிகூட ஆடவில்லை. பார்க்கிறவர்கள் எழுதும் கேள்விகளில் ஒன்றை ராய் சத்தமாகப் படித்தார்.

"பிரிஸில்லா, உங்கள் வீட்டில் விளக்கு அணைந்துவிட்டதே, படத்தை யார் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று டென்னசியிலிருந்து ஒருவர் கேட்கிறார்."

அதைப் படிக்கும்போது பதில் எங்கே போகும் என்று ராய் யோசித்திருக்க மாட்டார். லாயிட்டுக்குப் புரிந்தது. அவன் விரலுக்குக் கீழே ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் கொடியின் படமும் பாஞ்சோவும் வரும். கோளாறு என்று சொல்லி முடித்துவிடலாம். ராயின் விதிப்படி அவன் அழுத்தியிருக்க வேண்டும்.

"என் கணவர் லாயிட்" என்றாள் பிரிஸில்லா, வகுப்பில் சொல்வது போல நிதானமாக. "இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பகுதியை மட்டும் இல்லை. ஐந்து வருடமாக உங்கள் நிகழ்ச்சி முழுவதையும் அவர்தான் செய்கிறார்." ஸ்டாண்டில் இருந்த கேமராவைப் பிடித்து அவன் பக்கம் திருப்பினாள்.

ஹெட்ஃபோனும் வியர்வையுமாக லாயிட் திரையில் தன்னையே பார்த்தான். விரல் பட்டன் மேலேயே இருந்தது. அவன் அழுத்தவில்லை.

ராய் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து, "ஆமாம், அது உண்மை" என்றார். பொய் சொல்ல மாட்டார் என்பது உண்மைதான். அடுத்து ஜெனரேட்டருக்குப் போய்விட்டார்கள்.

கீழே எழுத்துகள் ஓடத் தொடங்கின. வாழ்த்தியவர்கள் உண்டு. 'ஆணிகூட அமெரிக்காவில் செய்ததாமே' என்று எழுதியவர்கள் அதைவிட அதிகம். விதைக்கடைக்காரர் தன் பெயரை நிகழ்ச்சியிலிருந்து எடுக்கச் சொன்னார். பத்து நாள் கழித்து ராய் கூப்பிட்டார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"உன்னைவிட நல்ல எடிட்டர் எனக்குக் கிடைக்கப் போவதில்லை லாயிட். ஆனால் ஸ்போகேன் நகரத்தில் என் தங்கை மகன் இருக்கிறான், டைலர். இனி அவன் செய்வான். பிரிஸில்லா தொடர்ந்து வர வேண்டும். எல்லோரும் அவரைத்தான் கேட்கிறார்கள்."

லாயிட் தலையாட்டிவிட்டுத் திரையை மூடினான். பிரிஸில்லா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்னாலதான்" என்றான்.

"நான் உங்க பேரத்தான் சொன்னேன். பட்டன் உங்க கையிலதான இருந்துச்சு?"

 மூன்று வாரம் அவர்கள் பருப்பு, பால், சாவி என்று மட்டும் பேசினார்கள். அவள் தன்னைப் பழி வாங்கினாளா, பெருமைப்படுத்தினாளா என்று அவன் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ஒரு நாள் கேட்டே விட்டான். அவளும் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"உங்களுக்கு அது வேணும்னு நெனச்சேன். கோபமும் கொஞ்சம் இருந்துச்சு. எது எவ்ளோன்னு எனக்குத் தெரியாது." பிறகு சொன்னாள், "நான் பண்றது புடிக்கலன்னா விட்டுடறேன். ராய் சார்ட்ட சொல்லிடலாம்."

விடு என்ற சொல் அவன் நாக்கு நுனி வரை வந்தது. அவளும் அதைப் பார்த்திருப்பாள்.

"பண்ணு" என்றான்.

கம்மனஹள்ளியில் ஒரு ட்யூஷன் கம்பெனிக்குக் கணக்குப் பாட வீடியோக்களை எடிட் செய்யும் வேலை அவனுக்குக் கிடைத்தது. அங்கேயும் பெயர் போட மாட்டார்கள், ஆனால் அங்கே யார் பெயரையும் போட மாட்டார்கள். சனிக்கிழமைகளில் பிரிஸில்லாவின் பகுதியை அவனே படம் பிடித்து, முழுதாக ஸ்போகேனுக்கு அனுப்பினான்.

"பேரே டைலர். வெட்டத் தெரியாமலா இருக்கும்" என்றாள் பிரிஸில்லா.

டைலர் செய்த முதல் பகுதியை லாயிட் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தான். வேலை சுத்தமில்லை. ஒட்டிய இடங்கள் துருத்திக்கொண்டு தெரிந்தன. சத்தம் ஏறி இறங்கியது. ஆனால் அவள் பேசிவிட்டு மூச்சு வாங்குகிற இடங்களை அவன் விட்டு வைத்திருந்தான். குக்கர் விசில் வந்ததும் பேச்சை நிறுத்தி ஒன்று, இரண்டு என்று அவள் விரலால் எண்ணியதை விட்டு வைத்திருந்தான். அவள் திரும்பிச் சிரித்தது கேமராவுக்குப் பின்னால் நின்ற லாயிட்டைப் பார்த்து. அதையும் விட்டு வைத்திருந்தான். திரையில் இருந்தது பதினெட்டு வருடமாகத் தன் வீட்டில் நடமாடுகிற பெண். அதை இருபத்துமூன்று வயதுப் பையன் ஒருவன், அவளை நேரில் பார்க்காதவன், கண்டுபிடித்து எடுத்து வைத்திருக்கிறான். லாயிட் பாதிச் சாப்பாட்டில் டிபன் பாக்ஸை மூடினான்.

அன்று சாயங்காலம் பழைய மிச்ச ஃபோல்டரைத் திறந்தான். மே மாதத்துப் பகுதியை எடுத்து, கீழ் வீட்டுக்குப் போன இரண்டு குடத்தையும் ராயின் மௌனத்தையும் ஒரு நொடி குறைக்காமல் கோர்த்து, டைலருக்கு அனுப்பினான். டிசம்பர் மாதக் கடைசி நிகழ்ச்சியில் அது வந்தது. பல பேர் அதைப் பற்றியே எழுதினார்கள். ராய் அந்த மௌனத்துக்குப் பிறகு தன் பக்கத்து வீட்டுக்காரருக்கு, சாமான் சேர்த்து வைத்திருந்த பாதாள அறையைக் காட்டியதாக மார்லீன் எழுதியிருந்தாள். எடிட்டிங் என்ற இடத்தில் டைலரின் முழுப் பெயரும் ஓடியது.

"நீங்க கோத்ததுன்னு சொல்ல வேண்டியதுதான?" என்றாள் பிரிஸில்லா.

"வேணாம்."

"எரியுதா?"

"எரியுது."

"என் மேலயா, அவன் மேலயா?"

லாயிட் உண்மையாகவே யோசித்தான். "இப்போதைக்கு அவன் மேல."

அவள் சிரித்துக்கொண்டே விடைத்தாள்களைத் திருத்தப் போனாள்.

அவன் டைலருக்கு ஒரு மெயில் எழுதினான். உன் வீடியோக்களில் உதட்டசைவுக்கு ஒலி இரண்டு ஃபிரேம் பின்தங்கி வருகிறது, கவனித்தாயா என்று. ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. நன்றி, எனக்கும் ஏதோ உறுத்தியது, எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை, சொல்லித் தர முடியுமா என்று பையன் மிகவும் பணிவாகக் கேட்டிருந்தான். நான்கு வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயம். லாயிட் வேண்டுமென்றே இரண்டு நாள் எடுத்துக்கொண்டான்.